ஞாயிற்றுக்கிழமைக் கோழி

வாலஸ் கெர் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறபோது வீட்டில் யாரும் பேசக் கூடாது. அவர் மனைவி நோலீன் கரண்டியைக்கூடச் சத்தம் வராமல் வைப்பாள். உறைபனி உள்ளே வந்தால் வரட்டும் என்று ஜன்னலைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு, வாலஸ் மலைச்சரிவைக் காதாலேயே மேற்பார்வை பார்ப்பார். அவர் நிலத்தில் முயல் சுடுகிறவன் ஒழுங்காகச் சுடுகிறானா என்று தெரிந்துகொள்கிற வழி அது. பழைய முயல்காரன் மெர்வ் இருந்த காலத்தில் கஞ்சி முடிவதற்குள் ஏழெட்டு வெடி கேட்டுவிடும். ஆடுகள் நிமிரும், நாய்கள் குரைக்கும், பாறைக்குப் பாறை எதிரொலி உருளும். கொடுத்ததற்கு வேலை நடக்கிறது என்ற திருப்தியில் வாலஸ் இரண்டாவது கிண்ணம் கேட்பார். அந்த வெடிகளில் பாதி வானத்தைப் பார்த்து வைத்தது என்பது எங்கள் டிரைபர்ன் பள்ளத்தாக்கில் வாலஸைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மெர்வுக்குப் பிறகு வந்தவன் டெஸ். அவன் வந்ததிலிருந்து வாலஸ் ஒரு கிண்ணத்தோடு எழுந்துவிடுகிறார்.

வாலஸும் டெஸ்ஸும் பேசிக்கொண்டது எளிமையான ஒப்பந்தம். ஆற்றோரச் சமவெளியிலும் பாறைச் சரிவிலும் முயல் பெருகாமல் டெஸ் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அவனும் அவன் மனைவி ரேவினும் வாலஸின் கல் வீட்டில் வாடகையில்லாமல் இருக்கலாம். சுட்ட முயலைக் குளிர்பெட்டி லாரிக்காரனுக்கு விற்றுக்கொள்ளலாம். எழுத்து எதுவும் கிடையாது. ஜூன் கடைசியில் வாலஸ் வந்து கை கொடுத்தால் இன்னொரு வருஷம். கொடுக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பூமியின் தென்பாதியில், ஜூனே நடுக்குளிராக இருக்கிற ஒடாகோவின் உள்நாட்டில், ஐம்பதைத் தாண்டிய ஒரு முயல்காரனுக்கு வேறு யார் வீடு தரப்போகிறார்கள்? ரேவின் இதற்கு முன் குடியிருந்த வீடுகளிலெல்லாம் திரைச்சீலையை மடித்து ஊசி குத்தித்தான் தொங்கவிட்டிருக்கிறாள். இந்த வீட்டில்தான் முதல்முறையாகத் துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டித் தைத்தாள். வெட்டின துணி வேறு ஜன்னலுக்கு ஆகாது.

டெஸ் நாற்பது நடைக்கு மேல் இருக்கிற முயலைச் சுடமாட்டான். காரணம் அவன் வாங்குகிற தோட்டா. சாதாரணத் தோட்டா சத்தத்தை முந்திக்கொண்டு ஓடுகிற ரகம். அந்த ஓட்டத்தில் காற்று சவுக்கடி போல வெடிக்கும். குழல் முனையில் சைலன்சர் மாட்டினாலும் அந்த வெடியை அடக்க முடியாது, அது குழலுக்கு வெளியே நடக்கிற காரியம். டெஸ்ஸுடையது மெதுவான தோட்டா. கனத்த ஈயம், கொஞ்சம் வெடிமருந்து. சத்தத்துக்குப் பின்னாலேயே அடக்கமாகப் போகும். சைலன்சரும் சேர்ந்தால் ஈரத் துண்டை ஒருவர் உதறினதுபோல இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் மேய்கிற முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லைக் கடிக்கும். அதற்குள் அதன் முறை வந்துவிடும்.

வேகத்தைக் கொடுத்து அமைதியை வாங்குகிற வியாபாரம் இது. மிச்சத்தை முழங்கையும் முட்டியும் கட்ட வேண்டும். நாற்பது நடையைத் தாண்டினால் தோட்டா சோர்ந்து தாழ ஆரம்பித்துவிடும். தலைக்கு வைத்த குறி புல்லில் போய் விழும். அதனால் டெஸ் காட்டுத் தைம் செடிகளுக்குள்ளும் முள்புதருக்கு அடியிலும் வயிற்றால் ஊர்ந்துதான் கிட்டே போவான். அவன் கோட்டின் முழங்கைகளில் ரேவின் பழைய பூட்ஸ் தோலை வைத்துத் தைத்திருந்தாள். பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடவும் மாட்டான். இந்த மெதுவான ஈயம் பாறையில் பட்டால் உடையாது, திரும்பிப் பறக்கும். அது யாரைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. குறி எப்போதும் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. லாரிக்காரன் டெஸ்ஸின் முயலைத் திருப்பிப் பார்க்காமலே எடை போடுவான்.

ஆனால் வாலஸுக்கு வெடி கேட்கவில்லை. கேட்காத வேலை நடக்காத வேலை. முதல் வருஷம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது குளிர்காலத்தில் ஆட்டு ஏல முற்றத்தில் நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தார்: அவன் முயலைச் சுடவில்லை, வளர்க்கிறான். முயல்காரர்கள் மேல் இந்த ஊரில் பழங்காலத்திலிருந்தே இருக்கிற சந்தேகம் அது. முயல் தீர்ந்தால் பிழைப்பு தீர்ந்தது, ஆகவே தீர்க்கமாட்டான் என்ற கணக்கு. கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஜூன் பாதியில் ஒரு காலை, லாரி வருகிற நாள். டெஸ் குடல் நீக்கிய முயல்களை ஜோடி ஜோடியாகக் கால் கோத்து வேலிக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். வாலஸ் பிக்கப்பை நிறுத்தி இறங்கினார். கம்பி நெடுக நடந்தார்.

"எல்லாம் என் நிலத்து முயல்தானா?"

"வேற எங்க போவேன், வாலஸ்."

"அது உனக்குத்தான் தெரியும். ஆடுன்னா காதுல வெட்டு இருக்கும், யாருதுன்னு சொல்லிடலாம். இதுங்க காதுல என்ன எழுதியிருக்கு?"

டெஸ் அடுத்த ஜோடியைக் கோத்தான். வாலஸ் ஒவ்வொன்றாகப் பின்னங்காலைப் பிரித்துப் பார்த்தார். ஆண் எத்தனை, பெட்டை எத்தனை என்று வாய்க்குள் எண்ணினார். பெட்டை குறைவாக இருந்தது.

"பெட்டைய விட்டுவெக்கிறியா? அடுத்த வருஷத்துக்கு?"

"குளிர்ல ஆண்தான் அதிகம் வெளிய சுத்தும்."

"மெர்வ் காலத்துல காலைல எழுந்தா சத்தம் கேக்கும்யா. மனுஷன் வேலை செய்றான்னு தெரியும்."

மெர்வ் காலத்தில் சமவெளியில் புல்லே இல்லை என்று டெஸ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டெஸ் வாயிலிருந்து வார்த்தை வருவதும் அவன் துப்பாக்கியிலிருந்து சத்தம் வருவதும் ஒன்று. வாலஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நாளைச் சாயங்காலம் தானும் கூட வரப்போவதாகச் சொன்னார். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு.

டெஸ் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ரேவின் அடுப்பில் சீஸ் ரோல்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வரட்டும், பார்க்கட்டும், நல்லதுதானே என்றாள். பிறகு தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே நின்றாள்.

"உண்மையச் சொல்லு. கல்மேட்டுக்குப் பின்னால ஒரு முயல் வளை இருக்கே. அதை நீ தொடறதே இல்லையே, ஏன்?"

டெஸ் தேநீரை ஊதினான். "அங்க மண்ணு இல்ல. எல்லாம் பாறை."

"அதுதானா?"

"அதுதான்."

அவன் ஊதினது கொஞ்சம் நீளமாக இருந்ததாக ரேவினுக்குப் பட்டது. மேலே கேட்கவில்லை. அவளுக்கே ஒரு வளை இருந்தது, அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கெர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முயல் வரக் கூடாது. அந்தப் பெயரே வரக் கூடாது. வாலஸின் தாத்தா காலத்தில் முயல் இந்த மலையை மொட்டையடித்து, ஆடு பட்டினியால் செத்து, தாத்தா நிலத்தை விட்டுவிட்டுக் கையில் ஒரு பெட்டியோடு நடந்து போனார். அப்பா இருபது வருஷம் கழித்து அதை மறுபடி வாங்கினார். நம் புல்லைத் தின்றதை நாம் தின்பதா என்பது அப்பா விட்டுப்போன வீம்பு. நோலீனோ கடற்கரைப் பக்கத்துப் பெண், மாவு மூடிச் சுட்ட முயல் பை சாப்பிட்டு வளர்ந்தவள். முப்பது வருஷமாக ஆட்டுக்கறி. திங்கள் ஆடு, செவ்வாய் ஆடு, புதன் மிச்ச ஆடு.

டெஸ் குடிவந்த முதல் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நோலீன் வாலஸுக்குத் தெரியாமல் ஒரு தொடைக்கறியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கல் வீட்டின் பின்வாசலுக்கு வந்தாள். இளசாக இரண்டு முயல் கிடைக்குமா என்றாள். ரேவின் கொடுத்தாள், எலும்பு காட்டிக்கொடுக்காதபடி துண்டு போட்டே கொடுத்தாள். பன்றிக்கொழுப்பும் லீக் வெங்காயத்தாளும் சேர்த்து நோலீன் பை செய்து, கோழி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வைத்தாள். வாலஸ் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கோழி வளர்ப்பதில் நீ தேறிவிட்டாய் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் தொடை ஒரு பக்கமும் முயல் மறுபக்கமும் பின்வாசலில் கைமாறின. மெர்வ் சுட்ட முயலாக இருந்தால் முதல் ஞாயிறே வாலஸ் பல்லில் ஈயம் கடித்திருப்பார். டெஸ்ஸின் மெதுவான தோட்டா தலையோடு போய்விடுவதால் கறிக்கு வாய் இல்லாமல் போயிற்று.

ஆட்டுக்கறி வாலஸின் பெரிய வீட்டிலிருந்து வருகிறது என்று டெஸ்ஸுக்குத் தெரியும். பண்ணைக்காரர்கள் ஆளுக்குக் கறி கொடுப்பது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டான். மற்றதை ரேவின் அவனிடம் சொல்லவில்லை. டெஸ்ஸுக்குப் பொய் வராது. அதிகம் பேசாததால் அந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் இருவரும் போனார்கள். சூரியன் படாத பக்கத்தில் காலை உறைபனி இன்னும் உருகாமல் புல் கண்ணாடித்தூள் போல நொறுங்கியது. வாலஸ் கனத்த உடம்பு. டெஸ் ஊர்ந்த தடத்திலேயே அவரும் ஊர்ந்தார். கோட்டுப் பொத்தான் ஒன்று முள்ளில் மாட்டிப் போனது. பாப்லர் மரங்களுக்குக் கீழே, மேட்டோரமாக முயல்கள் வெளியே வந்திருந்தன. டெஸ் கட்டை விரலால் துப்பாக்கியின் போல்ட்டைத் தள்ளினான்.

முதல் முயல் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தது. வாலஸ் அது படுத்துக்கொண்டதாக நினைத்தார். இரண்டாவது விழுந்தபோதுதான் புரிந்தது. மூன்றாவது முயல், விழுந்த ஒன்றின் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. அதுவும் சாய்ந்தது. அப்படி ஐந்து. ஆறாவது எதையோ மோந்து பார்த்துக் காலால் தரையைத் தட்டியதும் மற்றவை வளைக்குள் போய்விட்டன. மலை அப்படியே இருந்தது. தூரத்தில் மேய்ந்த வாலஸின் ஆடுகளில் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை.

ஆடுகள் நிமிராததைத்தான் வாலஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ் முயல்களைப் பொறுக்கி, கட்டைவிரலால் வயிற்றை அழுத்திச் சிறுநீரை இறக்கி, கத்தியால் திறந்து குடலை வழித்தான். ஆவி பறந்தது. சபாஷ் என்று சொல்வார் என டெஸ் எதிர்பார்த்திருக்க மாட்டான், ஆனால் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். பாதி வழி நடந்தபிறகு சொன்னார்.

"போன குளிர்காலத்துல எனக்கு மூணு கெடா குறைஞ்சுது."

"ஆத்துல வெள்ளம் வந்துதே."

"நானும் ஆறுதான்னு நெனச்சேன்." கொஞ்சம் நடந்தார். "இந்தத் தோட்டாவுக்கு ஆடு விழுமா?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருப்பார்கள். டெஸ் யோசித்துப் பார்த்துச் சரியான பதிலைச் சொன்னான்.

"பக்கத்துல நின்னு காதுக்குப் பின்னால வெச்சா விழும்."

"சத்தம் கேக்காது."

"கேக்காது."

"சுட்டியா?"

"இல்ல."

அந்த 'இல்ல'யும் அதே துப்பாக்கியிலிருந்து வந்தது போலத்தான் வாலஸுக்குக் கேட்டது. நேற்றுவரை இவன் சுடுவதே இல்லை என்று சந்தேகம். இன்று இவன் எதைத்தான் சுடவில்லை என்று சந்தேகம். கல் வீட்டு வாசலில் நின்று, உங்கள் ஃப்ரீசரை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். டெஸ் தாராளமாக என்றான். அவன் மனதில் ஒன்றும் இல்லை.

சலவை அறையில்தான் ஃப்ரீசர். ரேவின் ஈரக் கையோடு வந்து நின்றாள். வாலஸ் மூடியைத் தூக்கினார். முயல், ரொட்டி, ஆப்ரிகாட் பழம், பட்டாணி. அதற்கு அடியில் ஆட்டுத் தொடை, ஒன்றல்ல. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முட்டியின் மூட்டிலேயே கத்தியை விட்டுக் காலைக் கழற்றுவார்கள். கெர் வீட்டில் மட்டும் மூட்டுக்கு இரண்டு விரல் மேலே ரம்பத்தால் அறுப்பார்கள், நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கறி ஒட்டட்டும் என்று.

"இது நான் அறுத்தது."

"ஆமா," என்றான் டெஸ். "நீங்க குடுத்தது."

"நான் குடுத்தேனா? நான் எப்போ குடுத்தேன்?"

டெஸ் ரேவினைப் பார்த்தான். வாலஸும் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் டெஸ் அவளை அப்படிப் பார்த்ததில்லை. விலை சரியாகச் சொல்கிறாளா என்று கடைக்காரியைப் பார்க்கிற பார்வை.

"நோலீன் குடுத்தா," என்றாள் ரேவின்.

"சும்மா குடுத்தாளா?"

யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று ரேவின் நோலீனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என் பொண்டாட்டி எனக்குத் தெரியாம ஒரு எலும்பைக்கூட நாய்க்குப் போடமாட்டா. திருடிட்டு அவ பேரை ஏன் இழுக்கிற?" வாலஸ் தொடையை உள்ளே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. போலீசுக்குப் போகல. அதுவே பெரிசு."

டெஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். ரேவின் ஈரக் கையைத் துடைத்தாள். ஒரு வாக்கா, ஒரு வீடா என்று அவள் எடை போட எடுத்துக்கொண்ட நேரம் அந்தக் கையைத் துடைக்கிற நேரம்தான்.

"வாலஸ், போன ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்க?"

"அது எதுக்கு உனக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"கோழி பை. ஞாயித்துக்கிழமைன்னா கோழிதான்."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"கோழிதான்னு சொல்றேனே."

"ஒரு வருஷத்துக்கு மேல ஞாயித்துக்கிழமை தவறாம கோழி. சரி. உங்க கொட்டகையில எத்தன கோழி இருந்துது?"

"எட்டு."

"இப்போ எத்தன இருக்கு?"

வாலஸ் வாயைத் திறந்தார். எட்டு என்று சொல்லப் போனவர் சொல்லவில்லை. ஆட்டை எண்ணுகிறவர், வெடியை எண்ணுகிறவர், முயலின் காலைப் பிரித்து ஆணும் பெட்டையும் எண்ணுகிறவர். தினமும் காலையில் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் பிக்கப்புக்குப் போகிறார். அவர் பார்வை மெதுவாக ஃப்ரீசருக்குள் இறங்கி, தோலுரித்து அடுக்கியிருந்த முயல்கள் மேல் நின்றது. கையிலிருந்த தொடையை அவற்றின் மேல் வைத்தார். மூடியைச் சத்தமில்லாமல் மூடினார். வெளியே போய்ப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்ப வெகுநேரம் ஆயிற்று.

"கோழியா அது?" என்றான் டெஸ், ஜன்னலில் நின்றபடி.

"நீ பேசாம இரு," என்றாள் ரேவின்.

அதன் பிறகு பெரிய வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நோலீன் பின்வாசலுக்கு வரவில்லை. கடைசி நாள் நெருங்க, டெஸ் பழைய ஆப்பிள் பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினான். ரேவின் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள். திரைச்சீலையை மட்டும் கழற்றவில்லை. அந்த நாட்களில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு இன்னும் என்னென்ன வியாபாரம் இருக்கிறதோ என்று அவனுக்கு. கல்மேட்டு வளை பாறைதானா என்று அவளுக்கு. ஆனாலும் டெஸ் இரண்டு வேளையும் முழங்கையால் ஊர்ந்து போய் முயல் கொண்டுவந்தான். வேலை கையில் இருக்கிறவரை வேலை.

பெரிய வீட்டில் நடந்தது பின்னால் நோலீன் சொல்லித்தான் தெரிந்தது. அன்று இரவு வாலஸ் ஒன்றும் கேட்கவில்லையாம். மறுநாள் காலையில் கோழிக் கொட்டகைக்குப் போய் நின்றிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் எதை வைத்தாலும் மோந்து பார்த்திருக்கிறார், கஞ்சியைக்கூட. ஞாயிற்றுக்கிழமை நோலீன் ஒரு முடிவுக்கு வந்து, மிச்சம் வைத்திருந்த முயலில் செய்த பையை மேஜை நடுவில் வைத்து, வாலஸ், இது முயல், எப்போதுமே முயல்தான், வேண்டாமென்றால் ஆட்டுக்கறி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவர் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்துக்கு முதுகு காட்டும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, தட்டை நீட்டியிருக்கிறார்.

அன்று பிற்பகலே கல் வீட்டு முன்வாசலில் பிக்கப் வந்து நின்றது. ரேவின் வழியில் தின்ன ரொட்டி பிசைந்துகொண்டிருந்தாள். வாலஸ் அரை ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். ஆப்பிள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு போய் மேஜை மேல் கறியைக் கிடத்தினார்.

"இது நான் குடுக்கிறது. நானே." மூச்சு வாங்கினார். "அந்த மூணு கெடா... ஆறுதான் கொண்டுபோயிருக்கும்."

டெஸ் தலையாட்டினான். தேநீர் போடவா என்று ரேவின் கேட்டாள். வேண்டாம் என்றார். நின்றார். வந்த காரியம் இன்னும் ஆகவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஏல முற்றத்தில் நல்ல கிடா மேல் கண் வைத்துக்கொண்டு வேறு கிடாவை விலை கேட்கிறவன் அப்படித்தான் நிற்பான்.

"நோலீன் வேற யார்கிட்டயும் சொல்லலங்கிறா."

"சொல்லியிருக்க மாட்டா."

"நீ?"

ரேவின் மாவை ஒரு தடவை மடித்து அழுத்தினாள்.

"நான் எதுக்கு வாலஸ் சொல்லப் போறேன். இங்கயே இருக்கிறவளுக்கு அக்கம்பக்கம் வேணும், பாத்துப் பேசுவா. ஊரை விட்டுப் போறவளுக்கு என்ன, போற வழியில நாலு வீட்ல தேநீர் குடிப்பா, என்னத்தையாவது பேசிட்டுப் போவா."

வாலஸ் கூடத்துப் பெட்டிகளைப் பார்த்தார். டெஸ்ஸைப் பார்த்தார். பிறகு டெஸ்ஸைத் தாண்டிப் போய் ரேவினிடம் கையை நீட்டினார். அவள் அவசரப்படவில்லை. விரல் விரலாக மாவைத் துடைத்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தாள்.